அம்மா சொல்லாத நன்மை

பெங்களூரில் இருக்கும் என் மகள் தன் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கப் போகிறாள் என்று நம் பழைய வகுப்புத் தோழர்களின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். பையன் நாலு பேரோடு பழகத் தெரியாமல் போய்விடுவான் என்றார் ஒருவர். நாளைக்கு எந்தச் சான்றிதழைக் காட்டி வேலைக்குப் போவான் என்றார் இன்னொருவர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நம் தோழி மட்டும் எழுதாமல் குரலையே பதிந்து அனுப்பினாள்: "ஏட்டி, பேரனைப் பூச்சட்டியில வச்சு வளக்கப் போறியளா?"

நான் பதில் போடவில்லை. கோபம் வந்தால் எனக்கு விரல் ஓடாது. இப்போது ஆறி உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள்.

மகள் எனக்கு ஒரு நீளமான செய்தி அனுப்பியிருந்தாள். வீட்டில் படிக்கும் பிள்ளை தன் வேகத்தில் படிக்குமாம். பயமில்லாமல் கேள்வி கேட்குமாம். தாய் தகப்பனுக்குப் பிள்ளையைத் தெரியவருமாம். படிக்கப் படிக்க எங்கேயோ கேட்ட பேச்சாகவே இருந்தது. பிறகுதான் பிடிபட்டது, இதெல்லாம் என் அம்மா சொன்னவை. அவள் எந்த இண்டர்நெட்டையும் பார்த்துச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள்.

ஐந்தாம் வகுப்பில் நான் மாதக்கணக்காக வராமல் இருந்தேனே, நினைவிருக்கிறதா? மஞ்சள்காமாலை என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது. உங்களில் ஒருத்தி கீழாநெல்லி பறித்து ஆள்வசம் கொடுத்தனுப்பினாள், அவளுக்கு இப்போதாவது நன்றி. எனக்கு ஒரு தீனமும் இல்லை. அந்தப் பருவம் முழுக்க நான் எங்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அப்போது குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில் அப்பா, அம்மா, நான், எனக்கு இரண்டு வயது இளைய தம்பி. சுற்றிலும் ரப்பர் மரங்கள். மத்தியானத்திலும் வெளிச்சம் தரைக்கு வராது. ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட்டின் புளித்த நாற்றமும், உறைந்த ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையின் புகையும் எங்கள் சட்டையிலும் தலைமுடியிலும் ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார நீங்கள் மூக்கைச் சுளித்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அவர்தான். நல்ல குரல். வீட்டில் தினமும் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்க வேண்டும். அப்பா, அம்மா, நான், தம்பி, மறுபடி அப்பா. எங்கள் ஆட்களின் வீடுகளில் பிள்ளைகள் வாசிக்கப் பழகியதே இப்படித்தான்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில் தம்பி தன் முறை வரும்போது நின்றுபோக ஆரம்பித்தான். கண் புத்தகத்தில்தான் இருக்கும். வாய் எதையோ மெல்லுவது போல அசையும். கை சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகும். சத்தம் மட்டும் வராது. அப்பா முதலில் முறைத்தார். பிறகு தலையில் குட்டினார். குட்டியதும் விழித்துக்கொண்டது போல வாசிப்பான். ஒரு நாள் 'கர்த்தர்' என்ற சொல்லுக்கு நேர் முன்னால் நின்றான். அடுத்த வாரம் 'இயேசு' என்ற சொல்லுக்கு முன்னால். அப்பாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வேதத்தில் அந்தச் சொற்கள் இல்லாத பக்கம் எது என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

சபையில் உபவாச ஜெபம் நடத்தும் ஒரு மாமி இருந்தாள். வெள்ளைச் சேலை, கையில் எப்போதும் ஒரு துவாலை. அப்பா அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவள் தம்பியின் தலையில் கைவைத்துக் கண்ணை மூடினாள். திறந்தபோது அம்மாவைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னாள்.

"ரைட்டர் அண்ணே, தேவநாமம் சொல்ல விடாம ஒண்ணு இவனுக்க நாக்கைப் பிடிக்குது. இது வீட்டுல வச்சுத் தீருத காரியம் இல்ல."

பள்ளிக்கூடத்திலும் அதே கதை. அவனுடைய வாத்தியார் கேள்வி கேட்பார், இவன் பேசாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். திமிர் என்று நினைத்து முட்டிக்குக் கீழே விளாசிவிடுவார். மாமி சொன்ன சேதி சபையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவன் பெஞ்சில் உட்காரப் பிள்ளைகள் பயந்தார்கள். ஒரு தாய் வந்து ஹெட்மாஸ்டரிடம் சத்தம் போட்டாள். அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அவனை நிறுத்தினார். அவனைப் பற்றி வழியில் என்னிடம் கேட்பார்கள் என்று பயந்து, மஞ்சள்காமாலை எனச் சொல்லி என்னையும் நிறுத்தினார். வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் நல்ல எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. எங்களை ஒளித்துவைத்தார், அவ்வளவுதான்.

எஸ்டேட்டுக்கும் மேலே மலையில் ஒரு ஜெபவீடு இருந்தது. மாமி சொன்னது அந்த இடத்தைத்தான். முந்தைய வருஷம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம். முற்றத்துப் பலாமரத்தில் ஒரு வாலிபனைச் சங்கிலியால் காலில் கட்டியிருந்தார்கள். அவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். "அவரை எதுக்குக் கட்டிப் போட்டிருக்காவ?" என்று தம்பி கேட்டான். "சொகமாவதுக்கு மக்களே" என்றார் அப்பா. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் மேலே போகும் பாதை அறுத்துக்கொண்டு போயிருந்தது. மழை விட்டுப் பாதை சரியானதும் தம்பியை அங்கே கொண்டுபோய் விடுவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

பிள்ளைகள் மழை நிற்க வேண்டும் என்று ஜெபம் பண்ணுவார்கள். நான் நிற்கக் கூடாது என்று பண்ணினேன்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை. நாங்கள் நின்ற மறுநாளே, உடைந்துபோன ஒரு கதவுப் பலகையை எடுத்துக் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசிக் கறுப்பாக்கினாள். சாயங்காலத்துக்குள் அது கரும்பலகை ஆகிவிட்டது. காலையில் கஞ்சி குடித்ததும் அடுக்களையிலேயே வகுப்பு. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு "உக்காருங்கோ" என்று சொல்லும் தோரணையில் எங்களுக்குச் சிரிப்பு வரும். பலாச்சுளையை வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவு. படித்ததைச் சுளையாகத் தின்றுவிடலாம் என்பதால் தம்பிக்குப் பின்னம் ரொம்பப் பிடித்தது. அந்தப் பலகை பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போயிருக்கும்.

அப்படி ஒரு நாள் எட்டாம் வாய்ப்பாடு. அக்காவும் தம்பியும் சேர்ந்து ராகம்போட்டுச் சொல்ல வேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் சேர்ந்து கத்துவோமே, அதே ராகம். ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்திநாலு. நாலெட்டில் தம்பியின் குரல் இல்லை. நான் நிறுத்தப்போனேன். அம்மா கையைக் காட்டி, நிறுத்தாதே என்றாள். நான் தனியாக ஏழெட்டு வரைக்கும் போய்விட்டேன். அப்போது தம்பி, எதுவும் நடக்காதது போல, "நாலெட்டு முப்பத்திரண்டு" என்று தொடங்கினான். நான் முன்னால் போயிருப்பதைப் பார்த்து, "ஏம்ட்டி ஓடுத?" என்று என்னோடு சண்டைக்கு வந்தான்.

அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள். அடுப்பில் தீ நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு தினமும் வாய்ப்பாடுதான். கணக்கு, தமிழ், பூகோளம் எல்லாம் ஒதுங்கிவிட்டன. நாற்பது பேர் கத்தும் வகுப்பில் ஒரு குரல் குறைந்தால் வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? இரண்டே பேர் உள்ள வகுப்பில் அது தெரியாமல் இருக்காது. எந்தப் பேய் பிடித்தும் அவன் நிற்கவில்லை என்பது அம்மாவுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியவைக்க வேண்டும். மழையோ குறைய ஆரம்பித்திருந்தது.

மழை பெய்தால் மரங்களில் பால் வெட்ட முடியாது, அப்பா வீட்டில் இருப்பார். அப்படி ஒரு மழை நாளில் அம்மா அவரை அடுக்களைக்குக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தாள். "பிள்ளையள் படிக்கத கொஞ்சம் கேளுங்கோ" என்றாள். நாங்கள் தொடங்கினோம். இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு என்று ஏறிக்கொண்டே போனோம். தம்பி அன்றைக்குப் பார்த்துக் கிளிபோலச் சொல்கிறான். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்" என்றாள் அம்மா. அவள் நெற்றியெல்லாம் வேர்வை. தன் பிள்ளைக்கு அது வர வேண்டும், வந்து தொலைக்க வேண்டும் என்று ஒரு தாய் காத்திருந்ததை அன்று பார்த்தேன்.

ஒன்பதாம் வாய்ப்பாட்டில் வந்தது. வாய் மென்றது, கை பொத்தானைத் தேடியது. நான் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா எழுந்து குனிந்து அவன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினார். இமை அசையவில்லை. பிறகு அவன், விட்ட இடத்திலிருந்தே, அதே ராகத்தில் தொடர்ந்தான்.

"இதுல எந்தத் தேவநாமம் இருக்கு?" என்று கேட்டாள் அம்மா. "ஒம்பதாம் வாய்ப்பாட்டுல கர்த்தருக்க பேரு எங்க வருது? சொல்லுங்கோ. கள்ளம் காட்டுத பயலா இருந்தா அக்கா சொல்லுத இடத்துல வந்து ஒட்டியிருப்பான். இவன் போனதே இவனுக்குத் தெரியல்ல."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு டாக்டரிடம் போனோம்.

டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். இதுவும் ஒரு வகை வலிப்புதான் என்றார். வெள்ளை மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார். "தினம் ரெண்டு வேளை. வருஷக்கணக்காக் கொடுக்கணும். சொகமாயிட்டான்னு நெனச்சுத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அப்பா தலையாட்டினார். அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாத்திரைகளில் பாதியை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு அரிசிப்பானைக்குள் புதைத்துவைத்தாள். அவளுக்கு அவள் புருஷனைத் தெரியும்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. மாத்திரை தொடங்கிய அதே வாரத்தில் மாமியை வைத்து வீட்டில் உபவாச ஜெபமும் நடத்தினார். ஆவணி பிறந்து ரப்பர் காய்கள் வெடிக்கத் தொடங்கின. வெயிலில் காய் படாரென்று தெறிக்கும், கொட்டை ஓட்டின்மேல் வந்து விழும். தம்பி நிற்பது குறைந்தது. பிறகு இல்லாமலே போனது. குடும்ப ஜெபத்தில் அவன் முறை வரும்போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அவன் கணீரென்று வாசிப்பான். அப்பாவின் கண் நிறைந்துவிடும். அந்த அழுகை உண்மையானது. அவரைக் குறைசொல்லும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்துவிடுகிறது.

உங்களில் பாதிப் பேருக்குச் சாட்சி சொல்வது என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடவுள் ஒருவருக்கு ஏதாவது நன்மை செய்தால் அவர் சபை நடுவே எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கிடைத்தது போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அறுப்புப் பண்டிகை ஆராதனையில், வாழைக்குலையும் சேவலும் பூசணியும் ஏலத்துக்குக் குவிந்து கிடக்க, அப்பா எழுந்து சாட்சி சொன்னார். மகனின் நாவைக் கட்டியிருந்ததைக் கர்த்தர் அவிழ்த்தார் என்றார். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சபையே அழுதது. தம்பியை மேலே தூக்கிக் காட்டினார்கள்.

அன்று மத்தியானம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். "சாட்சி சொல்லியாச்சு. இனி மாத்திரை தின்னா அது அவிசுவாசம். பொய்ச்சாட்சி சொன்ன வீட்டுல போனது ரெட்டிப்பாத் திரும்பி வரும், பாத்துக்கிடுங்கோ." அப்பா உள்ளே போய் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தார். அம்மா வழியில் நின்றாள். "டாக்டர் என்ன சொன்னாருண்ணு நீங்களும் கேட்டியதான?" என்றாள். அப்பா அவளைச் சுற்றிக்கொண்டு போய், புகைப்புரை அடுப்பில் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா அரிசிப்பானைக்குள் கைவிட்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணினாள். பிறகு மாத்திரையைக் கரண்டிக்காம்பால் பொடித்துக் கருப்பட்டிக் காப்பியில் கலக்கித் தம்பியிடம் கொடுத்தாள். "கைக்குது" என்றான் அவன். "கருப்பட்டி தீஞ்சு போச்சு மக்களே" என்றாள். தீய்ந்த கருப்பட்டியை அதன் பிறகு அவன் காலையும் மாலையும் குடித்தான்.

சுகமான பையனை வீட்டில் வைத்திருப்பானேன் என்று அப்பாவுக்குத் தோன்றியது. சபையை நடத்தும் உபதேசியாரையும் துணைக்குக் கூட்டிவந்து, "நாளைக்கே பள்ளியில சேத்துருவோம்" என்றார். பள்ளிக்கூடம் மலைக்குக் கீழே. விடியும் முன்னே இறங்க வேண்டும். காப்பியைப் பாதி குடித்துவிட்டு ஓடுவான், வழியில் ஏதாவது நடந்தால் யார் பார்ப்பார்கள் என்பது அம்மாவின் பயம். அப்போதுதான் அம்மா அந்தப் பேச்சைப் பேசினாள்.

"உபதேசியாரே, அங்க நாப்பது பேருக்கு ஒரு வாத்தியாரு. இஞ்ச ரெண்டு பேருக்கு நான் ஒருத்தி. அவனுக்கு வெளங்காத்த இடத்துல நான் நிக்குதேன், வெளங்கின இடத்துல ஓடுதேன். அடி இல்ல, பயம் இல்ல. கேள்வி கேக்கான். அக்காளும் தம்பியும் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்காவ. தினமும் வேதம் வாசிக்கான். எனக்க பிள்ளைக்க குணம் என்னதுண்ணு இப்பதான் எனக்கே தெரியுது. பரீட்சைக்குக் கொண்டு இருத்துவோம். தோத்தா என்னைக் கேளுங்கோ."

உபதேசியார் தம்பியிடம் பின்னக்கணக்கு இரண்டு கேட்டார். டக்டக்கென்று சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே, தாய்மார் ரைட்டர் வீட்டு அம்மாவைப் போலப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு ஒரே பெருமை. மாதம் ஒரு தடவை பாடப்புத்தகம் வாங்க நாகர்கோவில் போகிறேன் என்று அம்மா சொன்னால், அவரே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். புத்தகமும் வந்தது. டப்பாவும் நிறைந்தது.

அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. நாங்கள் உண்மையிலேயே நன்றாகப் படித்தோம். நான் திரும்பி வந்தபோது கணக்கில் உங்கள் எல்லோரையும் முந்தினேனே, அதுவே சாட்சி. ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்றுக்காகத்தான் அவள் மற்ற எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பாவின் சாட்சி ஊர்விட்டு ஊர் போனது. மற்ற சபைகளிலிருந்து கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இஸ்திரி போட்ட ஜிப்பாவில் தம்பியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு சபையிலும் சாட்சி கொஞ்சம் வளர்ந்தது. அவர் திரும்பி வரும்வரை அம்மா வாசலிலேயே நிற்பாள். வந்ததும் தம்பியின் கண்ணைப் பார்ப்பாள். இரவில் தூங்கினாளா என்று தெரியாது. அவள் மெலிந்து மெலிந்து, கையிலிருந்த வளையல் முழங்கை வரை ஏறியது.

கார்த்திகை மழையில் ஒரு புதன்கிழமை மத்தியானம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு பெண் குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்தாள். கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறாளாம். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. இடுப்பில் வைக்கும் வயது அல்ல, ஏழெட்டு வயது இருக்கும். ஆனால் அது துணிபோலத் தோளில் கிடந்தது.

"சாரு ஞாயித்துக்கெழம எங்க சபையில சாட்சி சொன்னாரு டீச்சரே" என்றாள். "சொகமான பிள்ளையை ஒண்ணு பாக்கணும். அவன் எனக்க பிள்ளைக்க தலையில கைவச்சு ஜெபிச்சா போரும்."

"பிள்ளைக்கு என்ன?" என்றாள் அம்மா.

"வலிப்பு. ரெண்டு வருசமா மாத்திரையிலதான் கிடந்தா. சாருக்க சாட்சி கேட்டேன். அண்ணைக்கே மாத்திரை எல்லாத்தையும் எடுத்து ஆத்துல எறிஞ்சேன். திங்கக்கெழமயில இருந்து விடாம வருது. பிசாசு விட்டுப் போவதுக்கு முந்தி உலுக்குததுதான்னு எங்க ஊருல சொல்லுதாவ. உள்ளதா டீச்சரே?"

தம்பி எழுந்து போய், பெரிய மனுஷனைப் போல அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்தான். அப்பா அவனை அப்படிப் பழக்கியிருந்தார். கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினான். அவன் கைக்குக் கீழேயே அந்தப் பிள்ளையின் உடம்பு விறைத்து வெட்டியது.

அம்மா அவளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பிறகு அரிசிப்பானைக்குப் போனாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் பானைமேல் கைவைத்து நின்றாள். டப்பாவை எடுத்தால் தன் பிள்ளைக்கு மலைமேல் சங்கிலி. எடுக்காவிட்டால் இந்தப் பிள்ளை. எடுத்தாள். திறந்து அந்தப் பெண்ணின் முன்னால் நீட்டினாள்.

"எனக்க மகன் சொகமாத்தான் இருக்கான். கர்த்தரும் உண்டு, இதுவும் உண்டு. சாட்சி சொன்ன அண்ணைக்கும் குடுத்தேன், இண்ணைக்குக் காலையிலயும் குடுத்தேன். சாருக்குத் தெரியாது. பிள்ளையைத் தூக்கு, இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போணும்."

அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அம்மாவுக்குப் பின்னால் போனது. அடுக்களை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தன்னைத் தேடி யாரோ வீட்டுக்குப் போயிருப்பதாக ஆபீசில் கேட்டு வந்திருக்கிறார். "சாரே?" என்றாள் அவள், அவ்வளவுதான். அப்பா டப்பாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தப் பிள்ளையைத் தன் கையிலேயே வாரி எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். எஸ்டேட்டின் ஷீட் லாரி புறப்படத் தயாராக நின்றது. அந்தப் பெண்ணும் பின்னால் ஓடி ஏறிக்கொண்டாள்.

நாங்கள் மூன்று பேரும் அன்று சாப்பிடவில்லை. அம்மா எங்கள் துணிகளை ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா வந்து தம்பியைத் தொட்டால் பிள்ளைகளோடு கிளம்பிவிடுவது என்று இருந்தாள்.

மறுநாள் மத்தியானம்தான் அப்பா வந்தார். ஜிப்பாவெல்லாம் சேறு. பெட்டியைப் பார்த்தார். உட்காராமல், நின்றபடியே கேட்டார்.

"அவனுக்கு இண்ணைக்குக் குடுத்தியா?"

"குடுத்தேன்" என்றாள் அம்மா.

"அந்தப் பிள்ளை வழியிலயே போயிட்டு" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தார். அவர் வாய்விட்டு அழுததை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

தம்பி இன்றும் இருக்கிறான். சில வருஷங்களுக்குப் பிறகு டாக்டரே மெல்ல மெல்ல மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார். மகள் அனுப்பிய செய்தியில், வீட்டில் படித்தால் தாய் தகப்பனுக்குப் பிள்ளையைத் தெரியவரும் என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்துத்தான் எனக்குக் கண் கலங்கியது. என் தம்பி பிழைத்தது அந்த ஒரு வரியால். ஆனால் வீட்டுக்குள் தெரிந்த உண்மை வீட்டுக்குள்ளேயே இருந்ததால் இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை போனது. ஆகவே எனக்குக் கட்சி கிடையாது. மகளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: பையனைப் பற்றி வீட்டில் என்ன தெரியவந்தாலும் வெளியே சொல்லிவிடு.

அந்தப் பிள்ளை போனதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், சாட்சி சொன்ன சபை ஒவ்வொன்றுக்கும் அப்பா திரும்பப் போனார். எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். எழுந்து நின்று, தன் மகன் மாத்திரை தின்பதையும், அதைத் தனக்குத் தெரியாமல் தன் மனைவி கொடுத்ததையும், தன் சாட்சியைக் கேட்டு ஒரு பிள்ளை செத்ததையும் சொல்வார். யாரிடமாவது மாத்திரை இருந்தால் நிறுத்தாதீர்கள் என்பார். எங்கள் சபையில் அவரைக் கமிட்டியிலிருந்து எடுத்தார்கள். மாமி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கடைசியாகப் போனது கருங்கல் பக்கத்துச் சபைக்கு. முன்வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் கை வெறுமையாக. அப்பா எழுந்து நின்று நாலு வார்த்தைதான் சொல்லியிருப்பார், அவர் குரலை அமுக்க யாரோ ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். சபை முழுதும் எழுந்து சேர்ந்துகொண்டது. அவர் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. அவர் உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அத்தனை சரணங்களும் முடியும்வரை நின்றார். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.